விடுபட்ட அக்டோபர்

லாரமியில் விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
மே மாதம்தான், ஆனாலும்
பூஜ்யத்துக்குக் கீழே ஆறு.
பலூன் பிளாஸ்டிக்கை ஏந்தி நடக்கிறோம்
நானும் கர்ட்டும்.
கையுறையில் ஒரு மணல் ஒட்டியிருந்தாலே போதும்,
நாலு மாத வேலை கிழிந்துவிடும்.

இன்று ஒரே கயிற்றில் இரண்டு பெட்டிகள்.
பழையது எனக்கு மூன்று வயதாகையில் செய்தது.
புதியது போன மாதம் வந்தது.
ஒரே காற்றை உறிஞ்சி
ஒரே துகளை எண்ண வேண்டும் இரண்டும்.
அது நூறு என்றால்
இது நூற்றுப் பன்னிரண்டு என்கிறது.
யார் பொய் என்பதல்ல கேள்வி.
எவ்வளவு பொய், எப்போதும் அதே அளவா
என்பதுதான்.
மாறாத பொய்யோடு குடித்தனம் நடத்திவிடலாம்.

எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு விரல் என்கிற
பழைய வாய்பாட்டைத் தலைகீழாக இறங்கினால்
கடுகு, நுண்மணல், மயிர்நுனி,
அதற்கும் கீழே
தேர் ஓடிக் கிளப்பிய தூசி.
எங்கள் துகள் அந்தத் தூசிக்கும் கீழே.
கந்தக அமிலத்தின் ஒரு சொட்டு.
சொட்டு என்பதே மிகை.

இருபது கிலோமீட்டர் உயரத்தில்
கழுவிவிட மழை கிடையாது.
போய்ச் சேர்ந்தது ஓராண்டு, ஈராண்டு மிதக்கும்.
எரிமலை தும்மினால் கூட்டம்.
இல்லாவிட்டால்
சர்க்கரைக்கட்டி அளவு காற்றில்
ஒன்றோ இரண்டோ,
திருவிழா முடிந்த மைதானத்தில்
செருப்பைத் தேடுகிறவர்கள்போல.

குறிப்பேட்டில் பெரும்பாலான பக்கம் அதுதான்:
வழக்கம்போல்.
பச்சை மையில், பென்சிலில்,
காபி சிந்திய ஒரு பக்கத்தில்
வழக்கம்போல்.
வழக்கம் எதுவென்று எழுதிவைக்காவிட்டால்
விபரீதம் வந்து நிற்கும்போது
எதை வைத்து அளப்பது?
இதையே சொல்லிச் சொல்லி
வருஷா வருஷம் பணம் கேட்கிறேன்.

பலூன் முப்பதில் வெடித்தது.
பாராசூட் கிழக்கே போய்
ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கியது.
நாங்கள் போய்ச் சேர்வதற்குள்
பழைய பெட்டியை ஒரு பசு நக்கிக்கொண்டிருந்தது.
வேலிக்கு அப்பால், பிக்கப்பில் சாய்ந்தபடி,
லொரேன் ஹுக்ஸ்ட்ரா.
என்ன கிடைத்தது என்றாள்.
வழக்கம்போல், என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"உங்களுடையது இன்னொன்று என் கொட்டகையில் கிடக்கிறது.
என் மூத்தவன் பிறந்த வருஷம் விழுந்தது."

மூத்தவன் எப்போது பிறந்தான்?

தொண்ணூற்றொன்று.

எனக்குக் கை நடுங்கியது.
காற்றால் என்று கர்ட் நினைத்திருப்பான்.
அந்த ஜூனில் பிலிப்பைன்ஸில் ஒரு மலை
தன் வயிற்றை வானத்தில் கொட்டியது.
எங்கள் வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறும்.
ஏறுகிற இடத்தில்,
அக்டோபரில்,
ஒரு வெள்ளை.
குறிப்பேட்டில்: சிக்னல் அறுந்தது. பெட்டி கிடைக்கவில்லை.

கொட்டகையில் வைக்கோல் வாசனை.
பெட்டியின் மூடியை யாரோ அறுத்திருந்தார்கள்.
உள்ளே லென்சுக்கும் பம்ப்புக்கும் நடுவே
அடைகாத்தபடி ஒரு கோழி
ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது.

பெட்டி எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாது.
எண்ண எண்ண ரேடியோவில் சொல்லிவிடும்,
கேட்க ஆளில்லையென்றால் சொன்னது போயிற்று.
எனக்கு இது தெரியும்.
தெரிந்தும்
கோழிக்கு அடியில் கையை விட்டேன்.
கதகதவென்று முட்டை.
ஒரு கொத்தும் கிடைத்தது, மணிக்கட்டில்.

திரும்பும் வழியில் கர்ட் சொன்னான்:
முன்னாலும் பின்னாலும் எண் இருக்கிறதே,
நடுவில் ஒரு கோடு இழுத்துவிடலாம்.
இழுக்கலாம். எல்லோரும் இழுப்பார்கள்.

லொரேன் எடுத்துப்போகத்தான் சொன்னாள்.
வேண்டாம், உபயோகத்தில் இருக்கிறது
என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு தேதி, உயரம், இரண்டு எண்கள் எழுதினேன்.
பிறகு பழைய ஏட்டை எடுத்து
கிடைக்கவில்லை என்பதன் பக்கத்தில்
பென்சிலால்: கிடைத்தது.
வெள்ளையை அப்படியே விட்டேன்.